மாப்பிள்ளை முயலும் வேப்பிலைக் கொத்தும்

மேலகரத்தில் ஓடு போட்ட முதல் முயல் கொட்டகை நான் கட்டியது. அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் முயல் என்றால் மலையடிவாரத்தில் கண்ணி வைத்துப் பிடிப்பதுதான். கூண்டில் வைத்துப் பெருக்கலாம் என்று காட்டியவன் நான். குற்றாலத்தில் சீசனுக்கு வந்து தங்குகிறவர்களின் பங்களாக்களுக்கு முயல் கொடுத்தவன் நான். புளியறை தாண்டி மலைக்கு மேலே இருந்த தோட்டத்துத் துரைமார் மேஜைக்கு ஏறியதும் என் கூடையில் போன முயல்தான். இலஞ்சியிலும் தென்காசியிலும் வீடு வீடாகப் பெட்டை முயலை வாரத்துக்கு விட்டு, புல் அறுக்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் நாலு காசு பார்க்கலாம் என்று ஆக்கியதும் நான். இதெல்லாம் இரண்டாம் வகுப்பு வரைக்கும் படித்த கை செய்தது. அந்த இரண்டு வகுப்பிலும் பாதிநாள் சிற்றாற்றில்தான் கிடந்தேன். தகப்பனார் விட்டுப்போன நிலம் கிடையாது. கைதூக்கிவிட மாமன் மச்சான் கிடையாது.

இதை எழுதுகிற கையெழுத்து கோணல். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுக் கோக்கிறவர் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

குற்றாலத்தில் ஒரு பங்களா அடுக்களையில் நான் சட்டி பானை விளக்கிக்கொண்டிருந்தேன். சமையலுக்குத் தலைவர் பட்லர். அவர் கரண்டியால் பேசுவார். நான் முதுகால் கேட்பேன். பங்களாவில் இருந்த துரைசானி சீமைக்குப் போகிறபோது, ஆசையாக வளர்த்த வெள்ளை முயல் ஜோடி ஒன்றைக் கூண்டோடு விட்டுவிட்டுப் போனாள்.

"மசாலா அரைலே, ரெண்டையும் வச்சிருவோம்" என்றார் பட்லர்.

"எனக்கு இந்த மாசச் சம்பளம் வேண்டாம். இதத் தாங்க" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் வாசல் காவல்காரர் எட்டிப் பார்த்தார். கூண்டைத் தலையில் வைத்துக்கொண்டு மேலகரம் வரைக்கும் நடந்தேன். எனக்குக் கலியாணமான புதிது. வாசலில் நின்ற என் வீட்டுக்காரி கூண்டுக்குள் பார்த்துவிட்டு, "சம்பளம் வாங்கப் போறேன்னிய. வெள்ளெலி வாங்கிட்டு வந்திருக்கிய" என்றாள்.

அந்த வெள்ளெலிதான் எங்களுக்குக் கிணறு வெட்டியது.

நான் சொல்ல வருவது யுத்தகாலத்தில் ஒரு சீசனின்போது நடந்ததை. அதற்கு முன்னால், முயலை வாரத்துக்கு விடுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்கு உள்ள வழக்கம்தான். பெட்டை முயல் என்னுடையது. புல்லும் பாடும் வளர்க்கிறவர்களுடையது. குட்டி ஆளுக்குப் பாதி. வாரக்காரர்களுக்கு நான் பெட்டையை மட்டும்தான் கொடுப்பேன். கடா என்னிடம்தான் இருக்கும். பெட்டை முயலுக்கு ஒரு குணம்: தன் கூண்டுக்குள் கடாவை விட்டால் கடித்துக் குதறிவிடும். அதனால் பெட்டையைத்தான் கடா இருக்கிற கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இலஞ்சியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பெண்கள் பெட்டையைக் கூடையில் வைத்து, மேலே துணியை மூடி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். கூடையில் பெண்ணைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவதால் என் கடாவுக்கு மாப்பிள்ளை என்று பெயர் விழுந்தது. வாசலில் நின்றே, "மாப்பிள்ளை இருக்காரா, வெளியூர் போயிட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

மாப்பிள்ளை அப்படி இருப்பார். துரைசானி விட்டுப்போன ஜோடியின் வம்சம். தூக்கினால் கைப்பிள்ளையின் கனம். காது விறைத்து நின்றால் என் முழங்கை நீளம் இருக்கும். அவருக்கென்று தேக்கில் கூண்டு செய்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் வேறு எந்தப் பொருளும் தேக்கில் கிடையாது. நாங்கள் படுத்ததே ஓலைப் பாயில்தான். சுற்றுவட்டாரத்தில் வெள்ளை முயல் என்று எதைக் காட்டினாலும் அது மாப்பிள்ளையின் பிள்ளையாக இருக்கும். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஆனி மாதம் சாரல் விழுந்ததும் தும்மல் ஆரம்பித்தது.

முதலில் ஒரு பெட்டை. அப்புறம் அதற்குப் பக்கத்தில் இல்லாத வேறொன்று. மூக்கில் வெள்ளைச் சளி, மூச்சில் கொரகொரப்பு. முன்னங்காலால் மூக்கைத் துடைத்துத் துடைத்து, கால் மயிர் பிசின் தடவியது போல் ஒட்டிக்கொண்டது. தாய்க்குக் கண்டால் குட்டிகள் கண் திறக்கும் முன்பே செத்தன. வாரக்கார வீடுகளிலிருந்தும் சேதி வர ஆரம்பித்தது. "அண்ணாச்சி, எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஜலதோஷம்" என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னவள், அடுத்த தடவை வந்தபோது அழுதுகொண்டு வந்தாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எந்த வியாதிக்கும் ஒரே மருந்துதான் தெரியும். எங்கெங்கிருந்தோ ரயிலேறி, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, அருவியில் தலையைக் கொடுக்க ஜனங்கள் வருகிறார்கள். பித்தம் போகும், வாதம் போகும், பைத்தியம் தெளியும் என்கிறார்கள். அந்தச் சாரல் சும்மா வாசலில் வந்து விழுகிறபோது அதை யார்தான் விடுவார்கள்? எல்லோரும் சொன்னார்கள், நானும் செய்தேன். தும்முகிற முயல்களை எல்லாம் கூண்டோடு தூக்கி மேற்கே பார்த்து, மலைக்காற்று நேராக அடிக்கிற பக்கம் வரிசையாக வைத்தேன். நல்லெண்ணெய்கூட ஒரு விரல் தடவிவிட்டேன். குற்றாலத்தில் பிறந்த எவனும் அதைத்தான் செய்திருப்பான்.

சாரல் நனைத்த முயல்கள் பொத்துபொத்தென்று விழுந்தன.

தென்காசியில் மாட்டு டாக்டர் ஒருவர் இருந்தார். வயதில் இளையவர், நல்ல மனுஷன். கூப்பிட்டதும் சைக்கிளில் மழையில் நனைந்துகொண்டே வந்தார். ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, நான் படிச்சது மாடும் குதிரையும். முயலுக்கு மருந்து எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா பொய்" என்றார். "இது தொத்துநோய். அது மட்டும் நிச்சயம். எல்லாத்தையும் கொன்னு புதைச்சிட்டு, வேற எடத்துல இருந்து புதுசா வாங்கிக்கிடுங்க. அதுதான் ஒழுங்கு."

"வேற எங்கன போய் வாங்க? சீமைல இருந்துலா வரணும். ஆளு ஏற வழியில்லாத கப்பல்ல முயல் வருமா?"

அவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "அப்போ ஒண்ணு செய்யுங்க. சாகுததப் பாத்துக்கிட்டு நிக்காதிய. நல்லா நடமாடுததப் பாருங்க. மாட்டுல நோயி பரவுனா நாங்க அப்பிடித்தான் தேடுவோம். செத்த மாடு எங்கயும் நடந்து போவாதுல்லா?"

அந்த வார்த்தை அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் சொன்னார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. அவர் பங்கு அவருக்கு.

சேதி குற்றாலம் வரைக்கும் போய்விட்டது. பட்லர் சந்தைக்கு வந்தவர் வேண்டுமென்றே மேலகரம் வழியாக வந்தார். என் வாசலில் குடையைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"ஏலே முயல் முதலாளி! உன்னக் காணாம அங்கன சட்டி பானையெல்லாம் அழுவுது. கரி பிடிச்சுக் கெடக்கு. எப்ப வாரே?"

"கரிய நீங்களே நக்கிக்கிடுங்க" என்றேன்.

வாயில்தான் அப்படிச் சொன்னேன். முயல் போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. அந்த அடுக்களைதான். அதே கரண்டி, அதே முதுகு. இந்தத் தடவை பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் பார்க்கப் போகவேண்டும். அதுதான் எனக்குப் பயம். செத்த முயலைவிட அந்தப் பட்லரின் சிரிப்புதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு அவர் போனதும், என் வீட்டுக்காரி கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"இங்கேருங்க. நம்ம தெருவுல அம்மை கண்டா என்ன செய்வோம்? குற்றாலத்துக்குக் குளிக்கவா கூட்டிட்டுப் போவோம்?"

"முயலுக்கு எங்கட்டி அம்மை வரும்?"

"அம்மையோ ஆட்டுக்கிடாயோ, ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தாவுதுல்லா? அம்மைன்னா வீட்டுக்குள்ள படுக்கப் போட்டு, வாசல்ல வேப்பில சொருவி, ஒருத்தரையும் அண்ட விட மாட்டோம். அந்த வீட்டுச் சாமான் அடுத்த வீட்டுக்குப் போவாது. பாத்துக்கிடுதவ வேற எங்கயும் போவ மாட்டா. இதுகளை மட்டும் காத்துல தூக்கி வச்சு ஊருக்குக் காட்டிக்கிட்டு இருக்கிய."

கூண்டுகளை மறுபடி உள்ளே தூக்கினேன்.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. தும்மல் கண்ட கூண்டு ஒவ்வொன்றிலும் வேப்பிலைக் கொத்து கட்டினாள். வேப்பிலைக் கூண்டுகளை அவள் மட்டும்தான் பார்ப்பாள். மற்றதை நான் மட்டும்தான் பார்ப்பேன். புல்லுக்கட்டு இரண்டு, தண்ணீர்ச் சட்டி இரண்டு, விளக்குமாறு இரண்டு. அவள் கொட்டகையிலிருந்து வந்தால் மஞ்சள் தண்ணீரில் கை கால் கழுவி, சேலையை மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவாள். மிச்சப் புல்லை மாட்டுக்குக்கூடப் போடாமல் அப்படியே எரித்தோம். சாரலில் வெயில் ஏது, கூண்டைக் காயவைக்க? தென்னோலையைக் கொளுத்தி, காலிக் கூண்டை அந்தத் தீயில் புரட்டிப் புரட்டி வாட்டி எடுத்தேன். அது என் யோசனை.

வாசலிலும் ஒரு பெரிய கொத்து சொருகினாள். கூடையோடு வந்த பெண்கள் படியில் கால் வைக்காமல் நின்றார்கள்.

"மாப்பிள்ளை இருக்காரா?"

"மாப்பிள்ளை வீட்டுல அம்மை. போயிட்டு, தண்ணி ஊத்துன பொறவு வாங்க" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுப்பாள். வந்தவர்கள் சிரித்துக்கொண்டுதான் போனார்கள். ஆனால் போனார்கள். வேப்பிலையைத் தாண்டி உள்ளே வருகிற தைரியம் எங்கள் ஊரில் போலீசுக்கும் கிடையாது.

இத்தோடு விட்டாளா? குழம்பைத் தாளிப்பதை நிறுத்திவிட்டாள்.

"முயல் தும்முததுக்கும் நீ தாளிக்கிறதுக்கும் என்னட்டி சம்பந்தம்?"

"அம்மை வீட்டுல கடுகு பொரிக்கக் கூடாது. அடுக்களைக்கு அந்தப் பக்கம்தான் கொட்டகை. மொளகா வத்தல் நெடி அடிச்சா நீங்களே தெருவுக்குக் கேக்குத மாதிரி தும்முதிய. நெஞ்சு அடைச்சுக் கெடக்குத சீவன் என்ன செய்யும்?"

ஒரு முயலுக்காகத் தாளிக்காத குழம்பைத் தின்றவன் இந்தத் தென்காசிச் சீமையில் என்னைத் தவிர எவனாவது இருந்தால் வந்து சொல்லட்டும். தின்றேன். ஒரு வார்த்தை முனகவில்லை. முனகியிருந்தாலும் அது கணக்கில் வராது.

சாவு குறைந்தது. அது அவள் செய்த காரியம். ஆனால் நிற்கவில்லை. அதைத்தான் இப்போது எல்லோரும் விட்டுவிட்டுச் சொல்கிறார்கள். நோய் ஒரு கூண்டிலிருந்து பக்கத்துக் கூண்டுக்குப் போவது நின்றது. இருந்தும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புதுக் கூண்டுகளில் தும்மல் கேட்டது. ஒவ்வொரு தும்மலுக்கும் அவள் ஒரு கொத்து கட்டிக்கொண்டே வந்தாள். கொத்துக்கு இலை ஒடித்து, வாசல் வேம்பே மொட்டையாகிவிட்டது.

ஒரு காலையில் புல் போடப் போனவன் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டேன். சாரல் விட்டு, ஓட்டு இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் விழுந்திருந்தது. இரண்டு பக்கமும் கூண்டுகள். பாதியில் பச்சைக் கொத்து தொங்கியது, பாதியில் இல்லை. தினம் பார்ப்பதுதான். அன்றைக்குத்தான் கண் திறந்தது. பக்கத்துப் பக்கத்துக் கூண்டு, ஒரே காற்று, ஒரே கூரை. ஒன்றில் கொத்து, ஒன்றில் இல்லை. ஏன் இதற்கு வந்து அதற்கு வரவில்லை?

ஏட்டில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. என் முயல் ஒவ்வொன்றும் எப்போது சேர்ந்தது, எப்போது ஈன்றது என்று மனசிலேயே இருக்கும். கொத்து தொங்குகிற கூண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். இது சித்திரைக்குப் பிறகு மாப்பிள்ளையிடம் போனது. இதுவும் போனது. இது சாரலுக்கு முந்தின வாரம் போனது. இதைத் தும்மல் இல்லையே என்று போன வாரம் நானே கொண்டுபோய் விட்டேன். கொத்து இல்லாத கூண்டில் இருந்தவை கிழடுகள், குட்டி போடுவதை நிறுத்தியவை, இன்னும் பருவத்துக்கு வராதவை. கணக்கு ஒரு கூண்டில்கூடத் தப்பவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்வந்த பெண் எல்லாவற்றுக்கும் வேப்பிலை, போகாததற்கு இல்லை.

"நல்லா நடமாடுததப் பாருங்க" என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் மண்டையில் இறங்கியது.

மாப்பிள்ளை தேக்குக் கூண்டில் கால் நீட்டிப் படுத்து அருகம்புல் மென்றுகொண்டிருந்தார். கண் பளபளப்பு. மூக்கு சுத்தம். தூக்கினேன், அதே கனம். முன்னங்காலைப் புரட்டி உள்பக்கம் பார்த்தேன். மயிர் லேசாக ஒட்டியிருந்தது. காய்ந்த சளி, நகத்தால் சுரண்டினால் உதிர்கிற அளவு. ஒரு வெயில்காலம் முழுவதும் துடைத்துத் துடைத்து மூக்கைச் சுத்தமாக வைத்திருந்திருக்கிறார்.

சித்திரையில் மலைக்கு மேலேயிருந்து ஒரு பெட்டை வந்தது நினைவு வந்தது. கூடைக்குள்ளேயே தும்மிக்கொண்டு வந்தது. "மலைக்குளிருலா, அங்கன எல்லாரும் தும்முவோம்" என்றான் கொண்டுவந்தவன். தோட்டத்துத் துரை வீட்டுப் பெண் என்று அதற்கு அன்றைக்கு மரியாதை வேறு.

என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் காலைப் பார்த்தாள், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"இதுக்கும் ஒரு கொத்து கட்டிருதேன். ஒதுக்கி வைப்போம். நல்லா ஆயிரும்லா. அம்மை எறங்குனவன் வீட்டுக்குள்ள வந்து இருக்கலையா?"

"அம்மை எறங்குனவன் அடுத்தவனுக்குத் தர மாட்டான். இவரு இப்பவே நல்லாத்தான் இருக்காரு. நல்லா இருந்துக்கிட்டேதான் எல்லாருக்கும் குடுத்திருக்காரு. இவரு இருக்க மட்டும் இந்தக் கொத்து எறங்காது."

"நீங்க இவர விட்டுருவியளா?" என்று கேட்டாள். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள். நான் பிள்ளைக்கு வாங்காத சாமானை மாப்பிள்ளைக்கு வாங்கினவன் என்று அவளுக்குத் தெரியும்.

அதே வாரம் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு சம்சாரி வந்தார். வயல், தோப்பு என்று நல்ல வசதி உள்ள ஆள். மாப்பிள்ளையை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். வேப்பிலையைப் பார்த்துத் தெருவிலேயே நின்றுகொண்டு, "பொட்டைக்குத்தானே சீக்கு? கடா நல்லாத்தானே இருக்கு? அத எனக்குத் தந்திருங்க. நான் ஊருல போய்ப் புதுசா ஆரம்பிச்சிக்கிடுதேன்" என்று ஒரு விலை சொன்னார். அந்த விலையில் எனக்கு அந்த வருஷம் கழிந்துவிடும்.

"தர மாட்டேன்" என்றேன்.

"பெருமைக்கு வச்சிக்கிட்டே சாவும்" என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

அவர் வண்டி திரும்பினதும் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தென்னைமரத்தடிக்குப் போனேன். என் கையால்தான் முடித்தேன். எப்படி என்று எழுத மாட்டேன். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினேன். தேக்குக் கூண்டை அதற்கு மேலேயே வைத்துக் கொளுத்தினேன். நனைந்த தேக்கு, எரிய நேரம் எடுத்தது. என் வீட்டுக்காரி வாசற்படியில் உட்கார்ந்து அது எரிந்து முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அழுதன. நான் அழுதேனா இல்லையா என்பது என் விஷயம்.

புதுத் தும்மல் நின்றது.

நின்றது சரி, கடா? மாப்பிள்ளையின் ஆண்பிள்ளைகளில் வளர்ந்தவை எல்லாம் பங்களாவுக்குப் போய்விட்டன, மிஞ்சியவை வேப்பிலைக் கூண்டில் பிறந்தவை. ஒன்றையும் நம்ப முடியாது. வாரக்கார வீடுகளில் எல்லாம் பெட்டைதான். கடா இல்லாவிட்டால் கொட்டகையில் கிழடும் குமரும் மிஞ்சி, அதோடு வம்சம் முடிந்தது. பட்லரின் சட்டி பானை இன்னும் எனக்காகத்தான் காத்திருந்தது.

இலஞ்சியில் கோயில் வாசலில் பூ விற்கிற ஒரு மதினி இருந்தாள். சொந்தமில்லை, வயதில் மூத்தவள் என்பதால் மதினி. முந்தின வருஷம் இரண்டு பெட்டைக் குட்டிகளை வாரத்துக்கு வாங்கிப்போனாள். வளர்ந்த பிறகு பார்த்தால் இரண்டும் கடாவாகிவிட்டன. சின்னக் குட்டியாக இருக்கும்போது முயலில் ஆண் பெண் பார்ப்பது பிரம்மாவுக்கே சிரமம். அதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கோயில் வாசலில் நான் வந்தால் பூக்கூடையைத் திருப்பி வைத்துக்கொள்வாள். அந்தக் கோபத்தில் என் வீட்டுப் படியை மிதிக்கவே இல்லை. யோசித்துப் பாருங்கள்: சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளையின் மூச்சு படாத இரண்டு கடா, அவள் வீட்டில்தான் இருந்தன.

குளித்து, வேட்டி மாற்றி, கொட்டகைப் பக்கம் போகாமல் நேராக இலஞ்சிக்குப் போனேன். அவள் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வாங்க அண்ணாச்சி. இப்ப எதக் கொண்டாந்திருக்கிய? ஆணா, பொண்ணா? இல்ல, வழக்கம்போல உங்களுக்கே தெரியாதா?"

"கொண்டு வரல மதினி. கேட்டு வந்திருக்கேன். உங்க முயல்ல ஒண்ணு வேணும்."

"எதுக்கு?"

"கடாவுக்கு."

"எங்கிட்ட எங்க இருக்கு கடா? நீங்க ரெண்டும் பொட்டைன்னுலா சொல்லித் தந்திய? பொட்டைய வச்சு என்ன செய்யப் போறிய?" பக்கத்துக் கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். "நல்லாக் கேட்டுக்கிடுங்க எல்லாரும்! முயலு மன்னர் பொட்டைய வச்சுக் குட்டி எடுக்கப் போறாராம்!"

"மதினி, நான் குடுக்கும்போது பொட்டைதான். உங்க வீட்டுச் சாப்பாடு அப்பிடி."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பூச்சரத்தை வாயில் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"இந்த எடத்துல நின்னு, இது கடான்னு எல்லாருக்கும் கேக்குத மாதிரி ஒரு தடவ சொல்லுங்க. தாரேன்."

"இது கடா" என்றேன். கோயில் மணி அடிக்கிற சத்தத்துக்குச் சொன்னேன். "இப்போ கடா" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டில் பெரியதைக் கொடுத்தாள். முதல் ஈற்றில் நல்ல பெட்டையாகப் பார்த்து அவளுக்கு இரண்டு தரவேண்டும், அதையும் என் வீட்டுக்காரி பார்த்துச் சொல்லவேண்டும், நான் பார்க்கக் கூடாது என்று பேச்சு. சம்மதித்தேன். முன்னங்காலைப் புரட்டிப் பார்த்தேன். பஞ்சு மாதிரி வெள்ளை. திரும்பி வரும்போது சாரல் விழுந்தது. துண்டுக்குள் மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். ஒரு துளி படவிடவில்லை. ஊருக்கே மருந்தான சாரலிலிருந்து நான் மறைத்துக் கொண்டுவந்த ஒரே பொருள் அதுதான்.

கொத்து இல்லாத கூண்டில் இருந்த குமருகள் பருவத்துக்கு வந்தன. புதுக்கடாவிடம் ஒன்றொன்றாகக் கொண்டுபோனோம். ஒன்றைக் கொண்டுபோனால், அது தும்முகிறதா என்று பார்த்து, காலைப் புரட்டிப் பார்த்து, அப்புறம்தான் அடுத்தது. வெளியிலிருந்து வருகிற எந்தக் கூடையும் முதலில் பின்கட்டில் தனியாகக் கொஞ்சநாள் இருந்துவிட்டுத்தான் கொட்டகைக்கு வரும் என்று வைத்தேன். துரை வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் சரி. வேப்பிலைக் கூண்டில் இருந்தவற்றில் பல பிழைத்துக்கொண்டன. அவற்றைத் திரும்பச் சேர்க்கலாம் என்றாள் என் வீட்டுக்காரி. கூடாது என்றேன். பெரிய சண்டை. தோட்டத்துக் கோடியில் ஓலைக் குடிசை போட்டுக்கொடுத்தேன். அவள் கையால் தின்று, அவை வயதாகிச் செத்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எங்கள் கொட்டகையில் அந்தத் தும்மலும் திரும்பி வரவில்லை.

முதல் குமரு புரட்டாசியில் ஈன்றது. தன் மயிரைப் பிடுங்கி மெத்தை போட்டு, அதற்குள் குட்டிகளை மூடி வைத்திருந்தது. நாங்கள் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. குட்டிகள் கண் திறந்தன. மெத்தையை விட்டு வெளியே தத்தின. புல்லைக் கடித்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி, அந்தப் பொடிக்காலைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை.

அன்றைக்கு மத்தியானம் நான் கிணற்றடியில் நின்றேன். அடுக்களையிலிருந்து சடசடவென்று சத்தம். கடுகு பொரிகிற சத்தம். அப்புறம் கருவேப்பிலை, வற்றல், பெருங்காயம். அந்த வாசம் கொட்டகையைத் தாண்டித் தெருவுக்குப் போனது. வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். கொத்தை எடுத்துவிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தாள். கரண்டியோடு வந்து நின்றாள்.

"தண்ணி ஊத்தியாச்சு. கூடைக்காரிகள வரச் சொல்லுங்க."

அன்றைக்கு நான் உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாட்டை எதற்கும் ஈடு சொல்ல மாட்டேன்.

அடுத்த சீசனில் குற்றாலத்து பங்களாவுக்கு முயல் கொடுக்கப் போனேன். பட்லர் கூடையை வாங்கி, ஒரு முயலைத் தூக்கி எடை பார்த்தார். சட்டி பானை சௌக்கியமா என்று கேட்டேன். "போலே" என்றார். அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் பிள்ளைகள் கலியாண வீட்டிலும் சடங்கு வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். எப்படிச் சொல்கிறார்கள்? "முயலுக்கு அம்மை வந்துட்டுன்னு சொல்லி, எங்க அம்மா வேப்பில கட்டிக் காப்பாத்துனா." அவ்வளவுதான். கேட்கிறவர்கள் கை தட்டுகிறார்கள். வாரக்கார வீட்டுப் பெண்களும் அப்படியே சொல்கிறார்கள். என் வீட்டுக்காரி காலமான பிறகு இன்னும் கூடுதலாகச் சொல்கிறார்கள். இலஞ்சி மதினி வீட்டில் என் கடா இரண்டு இருந்ததைக்கூட என் வீட்டுக்காரியின் புத்திசாலித்தனம் என்று சொல்கிறார்கள். அந்த இரண்டையும் பெட்டை என்று கொடுத்தது யார்? நான்.

வேப்பிலை அவளுடையது. நான் மறுக்கவில்லை, எந்தச் சபையிலும் சொல்வேன். கொத்தைக் கட்டினது அவள். தொங்குகிற கொத்தைப் பார்த்து அது என்ன சொல்கிறது என்று படித்தவன் நான், இரண்டாம் வகுப்புக்காரன். நன்றாக இருக்கிறவன்தான் நோயைத் தருகிறான் என்று கண்டுபிடித்து, ஊரெல்லாம் விலை கேட்ட கடாவை விற்காமல் புதைத்தவன் நான். அவள் கேட்டும், பிழைத்ததைத் திரும்பச் சேர்க்காதவன் நான். தாளிக்காத குழம்பைத் தின்றவனும் நான்தான்.

வாரத்துக்கு முயல் வளர்த்த யாருக்கும் குட்டியில் பாதியைக் கொடுக்காமல் நான் ஏமாற்றியதில்லை. புல் போட்டவளுக்குப் பாதி, பெட்டை கொடுத்தவனுக்குப் பாதி. அதே கணக்கு இதற்கும். இனிமேல் கதை சொல்கிறவர்கள் அவள் பாதியைச் சொல்லி முடித்ததும் எழுந்து போய்விட வேண்டாம். உட்கார்ந்து என் பாதியையும் சொல்லுங்கள்.